கூழைக்கடாவைத் தவறவிட்ட மெமரி கார்டும், டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய புதுக் கார்டும்

வணக்கம் மக்களே. கையில் பருத்திப்பால் டம்ளரைக் காணோமே என்று பார்க்கிறீர்களா? குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இன்றைக்குப் பேச அவ்வளவு இருக்கிறது, பேசி முடிப்பதற்குள் ஆறிப்போய்விடும்.

போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் சாமநத்தம் கண்மாய்க்குப் போயிருந்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது நான் அங்கேதான் இருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அதே கருவேல மரத்தடி, அதே கரை. மணி ஆறரை இருக்கும். கிழக்கே இருந்து ஒரு கூழைக்கடா வட்டம் போட்டு இறங்குகிறது. இறங்கும்போது இரண்டு காலையும் முன்னால் நீட்டி, தண்ணீர் மேல் சறுக்கிக்கொண்டே வந்து நிற்குமே, அந்த ஒரு படத்துக்காகத்தான் நான் இரண்டு வருடமாக அலைகிறேன். தூரத்தில் வரும்போதே பட்டனை அழுத்திவிட்டேன். ஷட்டர் படபடவென்று ஓடுகிறது. பறவை கிட்டே வருகிறது, காலை நீட்டுகிறது, தண்ணீரைத் தொடப் போகிறது. ஷட்டர் நின்றுவிட்டது. அழுத்துகிறேன், ஒன்று விழுகிறது. மறுபடி அழுத்துகிறேன், ஒன்றரை நொடி கழித்து இன்னொன்று. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. அது அணைவதற்குள் கூழைக்கடா இறக்கையை மடக்கி, குடும்பத்தோடு நீந்த ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

முதலில் கேமராவில்தான் கோளாறு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து லென்ஸை மாற்றிப் பார்த்தேன், பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான். கடைசியில் மெமரி கார்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன்னால் வாங்கியது. பெரிய எழுத்தில் 100 என்று போட்டிருக்கிறது. நொடிக்கு 100 எம்பி. இவ்வளவு வேகமான கார்டு ஏன் திணறுகிறது என்று அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு யூ எழுத்து, அதற்குள்ளே 1. மக்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பெரிதாகப் போட்டிருக்கும் 100 என்பது கார்டிலிருந்து படிக்கிற வேகம். படங்களை லேப்டாப்பில் ஏற்றும்போதுதான் அது உதவும். படம் எடுக்கும்போது நமக்கு வேண்டியது கார்டில் எழுதுகிற வேகம். அந்த யூ1 கொடுக்கிற உத்தரவாதம் நொடிக்கு வெறும் 10 எம்பி. என் கார்டைச் சோதித்தபோது 20 வந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாங்குகிறவனுக்கு எது வேண்டுமோ அதைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, வேண்டாததைக் கொட்டை எழுத்தில் போடுவது எந்த நியாயத்தில் சேரும்?

கண்மாய் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் கிடையாது, அதனால் கண்மாயை வைத்தே சொல்கிறேன். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது, மடை வழியாக வயலுக்குப் போகிறது. வரத்து கூடி, மடை சின்னதாக இருந்தால் கண்மாய் நிரம்பும். கேமராவுக்குள் பஃபர் என்று ஒரு தற்காலிக நினைவகம் உண்டு, அதுதான் கண்மாய். கார்டு, மடை. என் கேமரா 24 மெகாபிக்சல், நொடிக்கு 10 படம் எடுக்கும். ரா ஃபைல், அதாவது கேமரா திருத்தாமல் அப்படியே பதிகிற படம், ஒன்று ஏறத்தாழ 25 எம்பி. அப்படியென்றால் வரத்து நொடிக்கு 250 எம்பி, மடையில் போவது 20. சுமார் 30 படத்தில், அதாவது மூன்றே நொடியில், கண்மாய் நிரம்பிவிடுகிறது. கண்மாய்க்காவது மிஞ்சிய தண்ணீர் வெளியேறக் கலுங்கு இருக்கிறது, மறுகால் பாயும். கேமராவில் கலுங்கு கிடையாது. அதனால் வரத்தையே அடைத்துவிடுகிறது. ஷட்டர் நின்றதற்குக் காரணம் இதுதான். 30 படம் என்றால் 750 எம்பி. 20ஆல் வகுத்துப் பாருங்கள், 37 நொடிக்கு மேல் வரும். செல்போன் ஸ்டாப்வாட்சில் பார்த்தேன், சிவப்பு விளக்கு அணைய 39 நொடி ஆனது.

கேமராவே சுருக்கித் தருகிற ஜேபெக்கில் எடுத்தால் ஃபைல் சின்னதாகுமே என்று ஒரு நண்பர் சொன்னார். ஆகும், மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலை வெளிச்சத்தில் இறக்கைக்கு அடியில் இருக்கும் நிழலைப் பிறகு தூக்கி எடுக்க ரா ஃபைல்தான் வேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, செவ்வாய்க்கிழமை மதுரை டவுன்ஹால் ரோடு. கடைக்கார அண்ணனிடம் "நல்ல கார்டு வேணும்ணே" என்றதும் முதலில் 200 என்று போட்ட கார்டை எடுத்து வைத்தார். திருப்பிப் பார்த்தேன். கார்டில் ரோமன் எழுத்தில் ஒற்றைக் கோடு, அதாவது யூஹெச்எஸ்-1 என்கிற கார்டு வகை. அந்த வகையின் வரையறைப்படி வேகத்துக்கு உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பிதான். அதற்கு மேல் போட்டிருக்கும் எண் எல்லாம் அந்தக் கம்பெனி சொல்கிற தனி கார்டு ரீடரில் போட்டால் வருவது. கேமராவுக்குள் அது வராது. "அண்ணே, 200 எனக்கு வேண்டாம், எழுதுற வேகம் என்ன?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியின் பின்பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.

அடுத்தது பின்பக்கம் இரண்டு வரிசை உலோகத் தொடுமுனை வைத்த கார்டு, யூஹெச்எஸ்-2. 64 ஜிபி 5,200 ரூபாய். இதன் உச்சவரம்பு 312. மனசு ஆடிப்போனது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனே என் கேமராவை வாங்கிக் கார்டு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "தம்பி, உங்க ஸ்லாட்ல ஒரு வரிசைதான் இருக்கு. இதைப் போட்டாலும் பழைய வேகம்தான் போகும், காசைக் கொட்டாதீங்க" என்றார். 5,200 ரூபாய் வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் பாருங்கள், அந்த மனுஷனுக்காகவே இனி எதுவானாலும் அந்தக் கடைதான்.

கடைசியாக எடுத்தது 64 ஜிபி, யூ3, வி30. யூ3 என்றாலும் வி30 என்றாலும், தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்று அர்த்தம். இது எஸ்டி கார்டுகளுக்கான தர அமைப்பான எஸ்டி அசோசியேஷன் வகுத்த அளவு. எந்தக் கம்பெனி அச்சடித்தாலும் பொருள் ஒன்றுதான், அதனால்தான் கம்பெனி பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் 30 என்பது அடிமட்டம். அதற்கு மேல் எவ்வளவு போகும் என்பது பெட்டியில் பொடி எழுத்தில் தனியாக இருக்கும். இதில் 80 என்று இருந்தது. அண்ணன்தான் கண்டுபிடித்துக் காட்டினார்.

விலை 1,450. இரண்டு எடுத்தால் எவ்வளவு என்று கேட்டேன். 2,800 என்றார். 2,500 என்றேன். சிரித்தார். நான் கிளம்பவில்லை, அங்கேயே நின்றேன். டீ வந்தது, எனக்கும் ஒன்று கொடுத்தார். டீயைக் குடித்து முடிக்கும்போது 2,600. கூடவே எட்டுக் கார்டு வைக்கிற இந்தப் பெட்டி, இதோ பாருங்கள், ரப்பர் வளையத்தோடு. இதற்கு மட்டும் 250 போட்டிருக்கிறது. ஒரு கார்டு 1,300, பெட்டி சும்மா. வாங்கிய நாளிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தப் பெட்டியைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

128 ஜிபியில் ஒன்றாக வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்க மாட்டேன். அழகர்கோவிலில் அக்கா மகளுக்குக் காது குத்திய வீடியோவில் சொன்னேனே, கார்டு பாதியில் செத்துப்போய், ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலைப் போட்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படங்களை மீட்டேன் என்று. அன்றைக்கு எல்லாமே ஒரே கார்டில் இருந்தது. இனி இரண்டு கார்டு, காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று.

வீடியோ எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். 4கே என்றதும் பயந்துபோய் வி90 தேட வேண்டாம். என் கேமராவில் 4கே வீடியோ 100 எம்பிபிஎஸ். இந்த இடத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். இது மெகாபிட், கார்டில் போட்டிருப்பது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100ஐ வகுத்தால் 12.5தான். வி30 தாராளமாகத் தாங்கும், 64 ஜிபியில் 85 நிமிடம் எடுக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சோதனை. புதுக் கார்டு எதுவாக இருந்தாலும் முழுக்க நிரப்பிப் பார்க்காமல் நான் வெளியே எடுத்துப் போக மாட்டேன். விண்டோஸில் ஹெச்டூடெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது, லினக்ஸ், மேக் என்றால் எஃப்3. கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து, ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஓட விட்டால் வேகம் 35தான் காட்டுகிறது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. டூப்ளிகேட்டா? அந்த அண்ணனா கொடுத்தார்? ராத்திரி பதினோரு மணி, அம்மா "அந்தப் பொட்டியை மூடிட்டுப் படுய்யா" என்கிறார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, என் ரீடர் பழைய யூஎஸ்பி 2. அதில் எந்தக் கார்டைப் போட்டாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். காலையில் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் நீல நிற முனை வைத்த யூஎஸ்பி 3 ரீடர் வாங்கிப் போட்டேன். 78. அந்த அண்ணனைச் சந்தேகப்பட்டதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

டூப்ளிகேட் என்று ஏன் இவ்வளவு பயம் என்றால், அக்கா மகன் ஒரு டிபி, அதாவது ஆயிரம் ஜிபி, என்று போட்ட மைக்ரோ கார்டை 499 ரூபாய்க்கு வாங்கிவிட்டு வந்து நின்றான். மாமா, எப்படி என்று கேட்கிறான், முகமெல்லாம் சிரிப்பு. அதே சோதனையைப் போட்டோம். உள்ளே உண்மையில் இருந்தது 32 ஜிபிக்கும் குறைவு. கார்டுக்குள் இருக்கிற கன்ட்ரோலர் சிப்பைப் பொய் சொல்லும்படி மாற்றி எழுதிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் கேட்டால் ஒரு டிபி என்று சொல்லும். படங்களை வாங்கிக்கொள்ளும், பெயர்கூடப் பட்டியலில் தெரியும். 32ஐத் தாண்டியதும் திறந்தால் ஒன்றும் இருக்காது. பிள்ளை அழவே ஆரம்பித்துவிட்டான். கல்யாண வீடு எடுக்கிற ஒருவர் கையில் அந்தக் கார்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

64 வாங்கினால் 59.6தான் காட்டுகிறது, இதுவும் ஏமாற்றா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். இது ஏமாற்று இல்லை. கம்பெனிக்காரர் 6,400 கோடி பைட் என்று ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. பைட் ஒன்றுகூடக் குறையவில்லை. அப்புறம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு அக்கா, பழைய சின்ன கேமராவில் 64 ஜிபி போட்டால் எடுக்கவில்லை என்றார்கள். 32 வரை எஸ்டிஹெச்சி, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. பழைய கேமராவுக்கு இரண்டாவது வகை தெரியாது. 32 போடுங்கள் அக்கா, ஓடும். ஏ1, ஏ2 என்று போட்டிருப்பது போனில் ஆப் ஓட்டுவதற்கு. கேமராவுக்கு அதைப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம்.

நேற்று ஞாயிறு. அதே மரத்தடி. கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிட்டுத்தான் போனேன். போனதும் கார்டு பூட்டியிருக்கிறது என்று திரையில் வருகிறது. செருகும்போது ஓரத்தில் இருக்கும் சின்னப் பொத்தான் கீழே நகர்ந்திருக்கிறது. கார்டுக்குள் பூட்டு எதுவும் இல்லை, பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கேமராதான் முடிவெடுக்கிறது. மேலே தள்ளிவிட்டேன், சரியானது. அதன் மேல் செல்லோடேப் ஒட்டுகிறார்கள் சிலர், தயவுசெய்து செய்யாதீர்கள், டேப் உரிந்து ஸ்லாட்டுக்குள் மாட்டினால் கேமராவைப் பிரிக்க வேண்டி வரும்.

பறவை வருவதற்கு முன்னால் கரையையே 30 படம் எடுத்து ஸ்டாப்வாட்ச் போட்டேன். விளக்கு 10 நொடியில் அணைந்தது. நம்பாமல் மறுபடி. 10. ஆறு தடவை எடுத்தேன், ஒரு தடவை மட்டும் 11. 39 நொடி எங்கே, 10 நொடி எங்கே! கரையில் மாடு மேய்த்த பெரியவர் என்ன தம்பி, தரையைப் படம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவருக்கும் விளக்கைக் காட்டினேன்.

வரத்து இன்னமும் 250தான், மடை அகலமானாலும் நான்கு நொடிக்கு மேல் ஒரே மூச்சில் ஓடாது. அதனால் இந்தத் தடவை தூரத்தில் வரும்போது விரலை எடுத்துவிட்டேன். இரண்டு மூன்று படமாக விட்டு விட்டுத் தட்டினேன். அந்த இடைவெளியில் கார்டு கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டே இருந்தது. பறவை காலை நீட்டியதும்தான் முழுக்க அழுத்தினேன்.

இதோ, திரையில் பாருங்கள். 22 படம் வந்தது, இது ஒன்பதாவது. இடது கால் தண்ணீரைத் தொட்டுவிட்டது, வலது கால் இன்னும் தொடவில்லை.