ஆளுக்கு ஒரு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டே இதைக் கேட்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் சுவரில் போஸ்டர் பார்த்திருப்பீர்கள்: 'மாபெரும் எழுப்புதல் கூட்டம்', மூன்று நாள், மாலை 6 மணிக்கு. கத்தோலிக்கர் நாங்கள் செபம் என்போம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நண்பர்கள் ஜெபம் என்பார்கள். எழுப்புதல் அவர்கள் பக்கத்துச் சொல்; தளர்ந்துபோன விசுவாசம் ஜெபத்தால் ஊரோடு மறுபடி உயிர்பெறுவதை அப்படிச் சொல்வார்கள். சின்ன வயதில் எனக்குத் தெரிந்த எழுப்புதல், கடலுக்குப் போக அப்பாவை அம்மா எழுப்புவது மட்டும்தான்.

அப்படிப்பட்ட எழுப்புதல் கதைகள் சிலவற்றை இன்றைக்குச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்று ஒரு சிற்றூர். மத நெருக்கடிக்குத் தப்பி, இன்றைய செக் நாட்டில் இருக்கும் மொராவியாவிலிருந்து வந்தவர்கள், சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறி உருவாக்கிய ஊர். வந்த சில வருடங்களிலேயே கோஷ்டி கோஷ்டியாகச் சண்டை. பிரபு வீடு வீடாக ஏறி இறங்கிச் சமாதானம் பேசினார். 1727 ஆகஸ்ட் 13-ல் எல்லாரும் ஒன்றாக நற்கருணைக்கு வந்தார்கள், அழுது ஒப்புரவானார்கள். அதே மாதக் கடைசியில் ஆண்கள் 24 பேர், பெண்கள் 24 பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று ஜெபத்துக்கு முறை வைத்துக்கொண்டார்கள், இரவுக் கடலில் நாம் சுக்கானுக்கு ஆள் மாறுவது போல. அந்த முறை நூறு வருடத்துக்கு மேல் அறுந்துபோகவில்லை. அந்த மொராவியர்கள் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள்.

நியூயார்க்கில் 1857 செப்டம்பர் 23 அன்று ஜெரமையா லான்ஃபியர் என்பவர் மதிய ஜெபத்துக்கு ஆள் கூப்பிட்டார். நோட்டீஸ் கொடுத்தும் முதல் அரைமணி நேரம் ஒருவரும் வரவில்லை. தனியாகவே முழங்காலில் இருந்தார். பிறகு ஆறு பேர் வந்தார்கள். அடுத்த மாதம் வங்கிகள் ஆட்டம் கண்டதும் கூட்டம் தாங்கவில்லை. பணமுடைதான் காரணம் என்பவர்கள் உண்டு. இருக்கட்டுமே! புயல் கூண்டு ஏற்றிய அன்றைக்கு நம் கோயிலிலும்தான் உட்கார இடம் கிடைப்பதில்லை.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்ற தமிழ்ப் பிரசங்கியார், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் இருந்தவர். அன்றைக்கு அது திருநெல்வேலிச் சீமை. 1910-க்குப் பிறகு 1985 வரை அந்த வட்டாரம் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. மிஷன் சம்பளம் வேண்டாம் என்று வாழ்ந்த மனிதர். 1860-ல் அங்கே ஜெபக்கூட்டங்களில் ஜனங்கள் தங்கள் குற்றங்களை எல்லார் முன்னாலும் சொல்லி அழுதார்கள். குருப்பட்டம் இல்லாதவர்கள் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யப் போனார்கள். பெண்கள் வாய்திறந்தார்கள். வெள்ளைக்கார மிஷனரிகளில் சிலர் இதைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், சத்தமும் நடுக்கமும் யாரையும் மிரட்டும். ஆனால் பிரிட்டனின் வேல்ஸில் 1904-ல் நடந்த பேர்பெற்ற எழுப்புதலுக்கு நாற்பது வருடம் முந்தியது இது. எழுப்புதல் என்றால் நம் பிரசங்கிகள் உடனே வேல்ஸுக்கும் அங்கே முன்னால் நின்ற இவான் ராபர்ட்ஸுக்கும்தான் ஓடுகிறார்கள், அருளப்பன் பெயர் வாயில் வருவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

வேல்ஸ் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று. சுரங்கத் தொழிலாளிகள் கெட்ட வார்த்தை பேசுவதை விட்டதும், வண்டி இழுக்கும் குதிரைகளுக்கு அவர்கள் சொல்வது புரியாமல் நின்றுவிட்டதாம். பழைய கடன்களையும் தேடிப்போய் அடைத்தார்கள். 1905-ல் அந்த அலை இன்றைய மேகாலயாவில் இருக்கும் காசி மலைக்கு வந்தது. அதே வருடம் புனே பக்கத்துக் கேட்காவில், ஆதரவற்ற பெண்களுக்காகப் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி மிஷனிலும் பெண்பிள்ளைகளின் ஜெபத்திலிருந்து ஓர் எழுப்புதல் கிளம்பியது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு ராத்திரி. அப்பா போன வல்லம் திரும்பவில்லை, வாடைக்காற்று பேயாக அடிக்கிறது. அம்மா கரையில் செபமாலையோடு நின்றார். பக்கத்து வீட்டு அத்தையும் வந்து நின்றார், அவர் மகனும் அதே வல்லத்தில்தான் போயிருந்தான். தண்ணீர்க்குடம் வைக்கிற இடத்துக்காகச் சண்டை போட்டு இரண்டு பேரும் ஒரு வருடமாகப் பேச்சில்லை. அம்மா முதல் பாதி சொல்ல, அத்தை மறுபாதி சொன்னார். "அருள் நிறைந்த மரியே" என்று ஒரு குரல், "அர்ச்சிஷ்ட மரியே" என்று இன்னொரு குரல். விடியும் வரை அப்படியே போனது. நடுவில் வேறு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

விடிந்து வெகுநேரம் கழித்து வல்லம் வந்தது. மத்தியானம் அம்மா ஒரு சட்டி மீன்குழம்பை என் கையில் கொடுத்து அத்தை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

"என்னன்னு சொல்லிக் குடுக்கம்மா?" என்றேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். சட்டிய மட்டும் மறக்காம வாங்கிட்டு வா."