பிராங்க்ளினை உயர்த்தியது ஊர்தான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "பெஞ்சமின் பிராங்க்ளினை உயர்த்தியது தன்னைத் திருத்திக்கொண்டதா, ஊரைச் சேர்த்துக்கொண்டதா?" என்பது தலைப்பு. பிராங்க்ளின், அமெரிக்க நாட்டை உருவாக்கிய தலைவர்களில் ஒருவர். தன் குணங்களைத் திருத்திக்கொள்ள அவர் வைத்திருந்த குறிப்பேட்டைப் பற்றி எதிரணித் தோழர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். 13 நற்குணங்கள், வாரத்துக்கு ஒன்றில் கவனம், தவறினால் குறிப்பேட்டில் கறுப்புப் புள்ளி. அருமை! ஆனால் அந்தக் குறிப்பேடு என்ன ஆச்சு என்று சொல்லவே இல்லையே?

ஒழுங்கு என்ற குணம் தன்னைப் படாதபாடு படுத்தியது, வசப்படவே இல்லை என்று பிராங்க்ளினே சுயசரிதையில் எழுதிவிட்டார். முதலில் பட்டியலில் இருந்தவை 12தான். "உனக்குத் தலைக்கனம் என்று ஊர் பேசுகிறது" என்று குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகே பணிவு 13ஆவதாக ஏறியது. ஐயா, தன்னைத் திருத்திக்கொள்ளவே அவருக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது!

பத்து வயதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோன அச்சுத் தொழிலாளி அவர். 1727இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜுண்டோ என்ற சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் செருப்புத் தைப்பவரும் தச்சரும் அவரோடு உட்கார்ந்து விவாதித்தார்கள். யாராவது அடித்துப் பேசினால் அபராதம். இங்கே அந்த விதி இருந்திருந்தால் இரண்டு அணியும் திவால்!

1731இல் நூலகத்துக்குச் சந்தா கேட்டுப் போனார். ஜனங்கள் தயங்கினார்கள். 'இவன் பெயர் வாங்கத்தான் நம்மிடம் வருகிறான்' என்ற நினைப்பு. உடனே தன் பெயரைப் பின்னுக்குத் தள்ளி, "இது நண்பர்கள் சிலருடைய திட்டம்" என்றார். 50 பேர், தலைக்கு 40 ஷில்லிங் கொடுத்துச் சேர்ந்தார்கள். பிலடெல்பியா மருத்துவமனையும் அப்படித்தான். யோசனை தாமஸ் பாண்ட் என்ற மருத்துவருடையது. மக்கள் 2,000 பவுண்டு திரட்டினால் சட்டசபையும் 2,000 தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தது பிராங்க்ளின். நாம் கொடுப்பது இரட்டிப்பாகிறதே என்று ஜனங்கள் மடியை அவிழ்த்தார்கள்.

1787, அமெரிக்காவுக்கு அரசியல் சட்டம் எழுதக் கூடிய பேரவையின் கடைசி நாள். வயது 81. நின்று பேசத் தெம்பில்லை. அவர் எழுதியதைச் சக உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் வாசித்தார். 'இதில் எனக்குப் பிடிக்காத பகுதிகள் உண்டு, இருந்தும் சம்மதிக்கிறேன்; ஆட்சேபம் உள்ளவர்களும் தங்கள் தீர்ப்பைக் கொஞ்சம் சந்தேகித்துக் கையெழுத்துப் போடுங்கள்' என்பது அதன் சாரம். மூன்று பேர் மசியவில்லை. 39 பெயர்கள் விழுந்தன. கறுப்புப் புள்ளி வைத்தா அந்தக் கையெழுத்துகளை வாங்கினார்? எதிரணி பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.