‘எல்லாம் ஒண்ணுதான்’னு சொல்லாதீங்க அண்ணே!

நடுவர் அவர்களுக்கும், கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் நாகப்பட்டினத்து மக்களுக்கும் வணக்கம். ஊர் ஒற்றுமைக்குத் தேவை மத வேற்றுமையை மறப்பதா, அறிவதா என்பது தலைப்பு. நான் ‘அறிவதே’ அணி.

முன்னால் பேசிய அண்ணன் நன்றாகக் கைதட்டல் வாங்கினார். நாகூர் ஆண்டவரிடம் இந்துக்கள் போகிறார்கள், வேளாங்கண்ணியில் மொட்டை போடுகிறார்கள், ஆகவே எல்லாம் ஒண்ணுதான், வித்தியாசத்தை மறந்துவிட்டால் சண்டையே வராது என்றார். கேட்க இனிக்கிறது. ஆனால் அண்ணே, ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்கிறவர் பல நேரம் மனதுக்குள் சொல்வது, ‘எல்லாம் என்னுடையது மாதிரிதான்’ என்று.

நீங்கள் சொன்ன வேளாங்கண்ணிக்கே வருகிறேன். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், காவி உடுத்தி நடந்து வருகிறவர்களில் எத்தனையோ பேர் இந்துக்கள். ஒரு பாட்டி மாதாவை மாரியம்மனாகவே பார்த்துக் கும்பிடுகிறார், அவர் வளர்ந்த வீடு அப்படி. பக்கத்தில் ஜெபமாலை சொல்கிற அம்மாவோ, மாதா கடவுள் இல்லை, தன் மகனிடம் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். இருவர் வேண்டுதலும் மகளின் கல்யாணமாகவே இருக்கலாம், பார்வை வேறு. ‘எங்க மாரியாத்தாதானே உங்க மாதா’ என்று பாட்டி அன்பாகச் சொல்லி, அந்த அம்மா முகம் சுருங்கினால், அந்த மனத்தாங்கலை மறதி தீர்க்காது. ஏன் சுருங்கியது என்று தெரிந்தால்தான் தீரும்.

சரி, சாவு வீட்டுக்கு வருவோம். இஸ்லாமியர் வீட்டில் முடிந்தவரை அன்றைக்கே அடக்கம். குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணி சுற்றி, ஜனாஸா தொழுகை முடித்துக் கொண்டுபோய்விடுவார்கள். பறை அடித்து, பாடை அலங்கரித்து, வழியெல்லாம் பூ இறைத்து அனுப்பிப் பழகிய எனக்கு, துபாயில் இருக்கும் மகன் வருவதற்குள் என்ன இவ்வளவு அவசரம் என்று தோன்றும். அவர்களுக்கு எங்களைப் பார்த்தால், போனவரை இப்படிக் காக்க வைக்கிறார்களே என்று தோன்றும். இரண்டு பக்கமும் மரியாதைதான் செய்கிறோம், ஆனால் மரியாதை என்றால் என்ன என்பதை ஆளுக்கொரு விதமாக வீட்டில் கற்றிருக்கிறோம். தெரியாவிட்டால் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் கல்நெஞ்சக்காரர்.

கஜா புயலை மறந்திருக்க மாட்டீர்கள், 2018 நவம்பர் 16. தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தபோது, ‘எந்த ஜென்மத்துப் பாவமோ’ என்றார் ஒருவர், ‘அல்லாஹ்வோட சோதனை, பொறுத்துக்கணும்’ என்றார் இன்னொருவர், கறுப்புச்சட்டைக் குடும்பத்தில் வளர்ந்த மூன்றாமவர் ‘அதெல்லாம் இருக்கட்டும், வி.ஏ.ஓ. கணக்கெடுக்க எப்ப வர்றார்?’ என்றார். (கடவுள் இல்லை என்று சொல்லி வளர்க்கிற வீடும் ஒரு வளர்ப்புதான், டெல்டாக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.) மூன்றாமவரை ஈரமில்லாதவர் என்று முதலாமவர் நினைத்தால் தப்பு, முதலாமவரை மூடர் என்று மூன்றாமவர் நினைத்தாலும் தப்பு. இடி விழுந்தால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று அவரவர் வீட்டில் சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் சரித்திரம். சிவபாதசேகரன் என்று பட்டம் வைத்துக்கொண்ட ராஜராஜ சோழன், ஸ்ரீவிஜய மன்னர் இதே நாகையில் எழுப்பிய பௌத்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்தார். புத்தரும் சிவனும் ஒன்று என்று சொல்லிக்கொண்டா கொடுத்தார்? சைவராகவே இருந்து பௌத்தருக்குக் கொடுத்தார். நாகூர் தர்காவின் 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங், ஓர் இந்து. அவர் அங்கே கோபுரம் கட்டவில்லை, கவனியுங்கள். அந்த இடத்துக்கு எது பொருந்துமோ, அதைக் கட்டினார்.

உடனே எதிரணி கேட்கும், வளர்ப்பையெல்லாம் மதிக்கணும் என்றால் தீண்டாமையும் வளர்ப்பில் வந்ததுதானே, அதையும் மதிக்கணுமா என்று. நல்ல கேள்வி. நீ சாமிக்கு முன்னால் எப்படி நிற்கிறாய் என்பது உன் பாடு. இன்னொருவரை நிற்க விடமாட்டேன் என்றால் அது ஊர்ப் பிரச்சினை, அதற்கு மரியாதை கிடையாது, எந்த மதத்துக்காரர் சொன்னாலும் சரி.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார், ஒரே கேள்வியோடு உட்கார்ந்துவிடுகிறேன். அடுத்து பேசப்போகிற எதிரணி ஐயாவும் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்றுதான் சொல்லப்போகிறார். ஐயா, நோன்புப் பெருநாள் எதற்கு, ஹஜ்ஜுப் பெருநாள் எதற்கு என்று சொல்லிவிட்டு அப்புறம் அதைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வரும் என்ற பதில் மட்டும் வேண்டாம்!