மருந்து தேவையில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளா? நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி: ஒரு விளக்கம்

[திரையில்: ஓர் ஆய்வக அறிக்கை. 'எச்பிஎஸ்ஏஜி – ரியாக்டிவ்' என்ற வரி மட்டும் பெரிதாகத் தெரிகிறது.]

வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனை, ரத்த தான முகாம், கர்ப்பகால ரத்தப் பரிசோதனை, அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்றின் வழியாகத்தான் பலரும் இந்த வரியை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். எச்பிஎஸ்ஏஜி என்பது கல்லீரலில் தங்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்புறப் புரதம்; 'ரியாக்டிவ்' என்றால் அது ரத்தத்தில் இருக்கிறது என்று பொருள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல், வேறு எதற்காகவோ கொடுத்த ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி இருப்பதாகத் தெரியவரும்போது, 'இது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது' என்ற கேள்வியே வீட்டில் முதலில் எழுகிறது. கணவன் மனைவி உறவில் தேவையற்ற சந்தேகங்கள் கிளம்புவதும் இந்த இடத்தில்தான்.

ஆகவே அந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடலாம். ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு இந்த வைரஸ் புதிதாகத் தொற்றினால், நூற்றில் 95 பேருக்கும் மேல் சில மாதங்களில் உடலே அதை வென்றுவிடுகிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளிலோ, நூற்றுக்குச் சுமார் 90 பேரிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. ஆறு மாதங்களுக்கு மேல் எச்பிஎஸ்ஏஜி நீடித்தால் அதை நாள்பட்ட தொற்று என்கிறோம். முப்பது வயதில் கண்டுபிடிக்கப்படும் நாள்பட்ட தொற்று, பெரும்பாலும் முப்பது ஆண்டுகளாகவே உடலில் இருந்துவந்த ஒன்று. இன்றைய நடத்தையை வைத்து யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த அறிக்கை உதவாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 25 கோடிப் பேரும், அவர்களில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியாவிலும் இந்தத் தொற்றுடன் வாழ்கிறார்கள்.

[திரையில்: கல்லீரல் செல்லின் வரைபடம். உட்கருவுக்குள் ஒரு சிறு வளையம்.]

இந்த வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழைந்ததும், தன் மரபுப் பொருளை உட்கருவுக்குள் ஒரு மூடிய வளையமாக வைத்துவிடுகிறது. அதை மூலப்பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய வைரஸ்கள் எல்லாம் அதிலிருந்து எடுக்கப்படும் நகல்கள். இன்று நம்மிடம் உள்ள மாத்திரைகள் நகல் எடுக்கும் வேலையை மிகத் திறமையாக நிறுத்துகின்றன, ஆனால் மூலப்பத்திரத்தைத் தொடுவதில்லை. 'மாத்திரை சாப்பிட்டும் ஏன் பாசிட்டிவாகவே இருக்கிறது' என்று பலர் மனம் உடைந்து கேட்பதற்கான விடை இதுதான். அந்த மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதை அளந்து பார்க்க வேண்டியது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடு பரிசோதனையில், எச்பிஎஸ்ஏஜி பரிசோதனையில் அல்ல.

இந்த வைரஸ் தானாகக் கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை என்பது இன்னொரு முக்கியமான செய்தி. வைரஸ் புகுந்த செல்லை நம் எதிர்ப்புச் சக்தி தாக்கும்போதுதான் சேதம் உண்டாகிறது. அதனால்தான் பிறப்பிலேயே தொற்று பெற்ற ஓர் இளைஞருக்கு வைரல் லோடு கோடிக்கணக்கில் இருந்தும் கல்லீரல் பரிசோதனைகள் சரியாக இருக்கக்கூடும். பின்னர் ஏதோ ஒரு வயதில் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு போரிடத் தொடங்குகிறது. அந்தப் போர் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் கல்லீரலில் தழும்பு விழுந்து, அது சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இறுக்கமாக முடியலாம். இவ்வளவும் வலியின்றி, காமாலையின்றி நடக்கலாம் என்பதே இந்நோயின் சிக்கல்.

[திரையில்: மீண்டும் ஆய்வக அறிக்கை. 'எஸ்ஜிபிடி 41' என்ற எண்ணும் அதன் அருகே அச்சிடப்பட்ட இயல்பு அளவும்.]

இப்போது இந்த எண்ணைக் கவனியுங்கள். எஸ்ஜிபிடி 41. கல்லீரல் செல்கள் சேதமடையும்போது ரத்தத்தில் கூடும் நொதி இது. அருகில், இயல்பு அளவு 45 வரை என்று ஆய்வகம் அச்சிட்டிருக்கிறது. எனவே எண் தடித்த எழுத்தில் இல்லை, நட்சத்திரக் குறியும் இல்லை. நோயாளி நிம்மதியாக அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஹெபடைட்டிஸ் பி வழிகாட்டுதலில், ஆணுக்கு 30, பெண்ணுக்கு 19 என்பதே இயல்பின் மேல் எல்லை. அதே அறிக்கையில் வைரல் லோடு 2000க்கு மேல் இருந்தால், 41 என்ற அந்தச் சாதுவான எண் சிகிச்சை தொடங்குவதற்கான காரணமாகிவிடுகிறது. ஆய்வகம் அச்சிடும் எல்லையை மட்டும் பார்த்து நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் குறிப்பிடத்தக்க தழும்பு தெரிந்தாலோ, சிரோசிஸ் இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்கேனும் கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தாலோ, நீரிழிவு, கொழுப்புக் கல்லீரல், எச்ஐவி போன்றவை சேர்ந்திருந்தாலோ, வைரஸ் இருக்கும்போது சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கலாம் என்பதே இப்போதைய போக்கு. முன்பெல்லாம் அளவுகோல்கள் இதைவிடக் கடுமையாக இருந்தன. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் 'உங்களுக்கு மருந்து தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டிருந்தால், இப்போது மறுபடியும் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அன்று சொல்லப்பட்டது அன்றைய ரத்தத்துக்கும் அன்றைய விதிக்கும் மட்டுமே பொருந்தும். என்னைக் கேட்டால், இந்நோயில் வைரஸ் செய்யும் கெடுதலுக்குச் சற்றும் குறையாத கெடுதலை அந்த அரை வாக்கியம் செய்துவிடுகிறது.

[திரையில்: ஒரு மாத்திரைப் புட்டியும் காலண்டரும்.]

சிகிச்சை என்பது பெரும்பாலும் தினமும் ஒரே ஒரு மாத்திரைதான். டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் தரப்படும். என்டெகாவிரை வெறும் வயிற்றில், அதாவது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த உணவுக்கு இரண்டு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். டெனோஃபோவிரின் பழைய வடிவமான 300 மில்லிகிராம் மாத்திரை சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கக்கூடும் என்பதால், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவருவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதன் புதிய 25 மில்லிகிராம் வடிவத்தை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். தொடங்கும் முன் எச்ஐவி பரிசோதனை கேட்கப்பட்டால் கோபப்பட வேண்டாம். டெனோஃபோவிர் எச்ஐவிக்கும் உரிய மருந்து. அந்தத் தொற்று இருப்பது தெரியாமல் இதை மட்டும் கொடுத்தால் எச்ஐவி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும்.

இந்த மாத்திரையை எத்தனை காலம் எடுப்பது? பலருக்கு நீண்ட காலம், சிரோசிஸ் வந்தவர்களுக்கு ஆயுள் முழுவதும். வைரல் லோடு 'கண்டறிய இயலவில்லை' என்று வந்ததும் மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. அடங்கியிருந்த வைரஸ் மறுபடி பெருகும்போது எதிர்ப்புச் சக்தி ஒரே மூச்சில் தாக்கி, சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை கொண்டுபோய்விடும். ஊருக்குப் போகும்போதும் வெளிநாடு கிளம்பும்போதும் துணிமணிக்கு முன்னால் மாத்திரையை எடுத்து வைப்பது நல்லது. செலவைக் குறித்த அச்சத்துக்கும் வழி இருக்கிறது: 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் உள்ள சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

[திரையில்: கீழாநெல்லிச் செடி.]

கீழாநெல்லியைப் பற்றிப் பேசாமல் தமிழில் இந்தக் காணொலி முழுமை பெறாது. இது வெறும் பாட்டி வைத்தியக் கதையாகவும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினரும், இந்த வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் ப்ளம்பெர்க்கும் சேர்ந்து, 1988இல் லான்செட் இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி எடுத்தவர்களில் 59 சதவீதத்தினருக்கும், போலி மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதத்தினருக்கும் எச்பிஎஸ்ஏஜி மறைந்ததாக அது கூறியது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் நடந்த பிற்கால ஆய்வுகளில் அந்த வெற்றி திரும்பக் கிடைக்கவில்லை. நம் ஊரில் அதன் புகழ் குறையாததற்கு வேறொரு காரணம் உண்டு: காமாலை கண்டு பச்சிலைச் சாறு குடிக்கும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது தானே சரியாகிவிடும் திடீர்த் தொற்று, பெயர் மட்டும் இலைக்குப் போய்ச் சேர்கிறது. என்ன கலந்தது என்று தெரியாத சூரணங்களும் லேகியங்களும் கல்லீரலைத் தாக்கி, மருத்துவமனையில் சேரும்படி ஆக்குவதும் உண்டு. எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மது வேண்டாம், பூஞ்சை பிடித்த வேர்க்கடலை வேண்டாம், ஏனெனில் அதிலுள்ள அஃப்லாடாக்சின் என்ற நச்சும் இந்த வைரஸும் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. பத்தியம் என்ற பெயரில் உப்பையும் எண்ணெயையும் அடியோடு விலக்கி உடலை வருத்த வேண்டியதில்லை. சிரோசிஸ் வராமலேயே கூட ஹெபடைட்டிஸ் பி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதால், சிரோசிஸ் உள்ளவர்களும், 40 வயதைக் கடந்த ஆண்களும், 50 வயதைக் கடந்த பெண்களும், குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் கண்டவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுப்பது அவசியம். ஸ்டீராய்டு, கீமோதெரபி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி ஆகியவற்றைத் தொடங்கும் முன், அது மூட்டுவலிக்கே ஆனாலும், 'எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது' என்று சொல்லிவிட வேண்டும். உறங்கும் வைரஸை எழுப்பிவிடும் மருந்துகள் அவை.

கர்ப்பிணிக்கு வைரல் லோடு இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தால், குழந்தையைக் காப்பதற்காகக் கர்ப்ப காலத்திலேயே டெனோஃபோவிர் தருகிறார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் தடுப்பூசியும், அத்துடன் வைரஸுக்கு எதிரான ஆயத்த எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடப்பட வேண்டும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

[திரையில்: ஒரே மேசையில் சாப்பிடும் குடும்பம்.]

தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கி வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒன்றாகச் சாப்பிடுவதாலோ, கட்டி அணைப்பதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ இந்த வைரஸ் பரவாது. ரத்தம் பட வாய்ப்புள்ள சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றைத்தான் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும்.

பெற்றோர், உடன்பிறந்தவர்கள், வாழ்க்கைத் துணை, குழந்தைகள் எல்லோரும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாத பெரியவர்களுக்கு முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணைகளாகத் தடுப்பூசி போடப்படும். வாழ்க்கைத் துணைக்கு மட்டும் அத்துடன் வேலை முடிவதில்லை: கடைசித் தவணைக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து தடுப்பூசியால் உருவான எதிர்ப்புப் பொருளை அளக்கும் ஆன்டி எச்பிஎஸ் பரிசோதனையில் அளவு 10ஐ எட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எட்டவில்லை என்றால் மறுபடி தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், அதுவரை ஆணுறை பயன்படுத்த வேண்டும்.