வரிக் கணக்கில் பிறந்த வண்டி

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஆஸ்டின் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் சின்னக் காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பேபி ஆஸ்டின் என்றால் சிலருக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் காரைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் வரிக் கணக்கு பார்த்துவிடுவோம். பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான்.

1921 ஜனவரி முதல் பிரிட்டனில் கார் வைத்திருப்பவர், குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று ஆனது. அந்தக் குதிரைத்திறனை யாரும் இன்ஜினை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டரையால் வகுத்தார்கள். அவ்வளவுதான். பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போகிறது என்பது கணக்கிலேயே இல்லை! மான்செஸ்டரில் தயாரான ஃபோர்டு மாடல் டி-க்கு இந்தக் கணக்கில் 23 பவுண்டு வந்தது. சிலிண்டர் ஒல்லியாக இருந்தால் வரி குறையும். இங்கிலாந்தின் கார் இன்ஜின்கள் பல வருடங்களுக்கு ஒல்லியாகவும் உயரமாகவும் இருந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

அதே 1921-ல், பர்மிங்காம் பக்கம் லாங்பிரிட்ஜில் இருந்த ஆஸ்டின் கம்பெனி கடனில் மூழ்கி, கடன்காரர்களுக்காகச் சொத்தைக் கவனிக்க நியமிக்கப்படும் ரிசீவர் கைக்குப் போயிருந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் இருபது குதிரைத்திறன் கொண்ட பெரிய கார் ஒன்றை மட்டுமே நம்பி இறங்கியதன் பலன். முதலாளி ஹெர்பர்ட் ஆஸ்டின் சின்னக் கார் ஒன்று செய்யலாம் என்றார். கம்பெனி இயக்குநர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மனிதர் அந்த வேலையைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். தொழிற்சாலையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயதுப் பையனை அழைத்துப்போய், பில்லியர்ட்ஸ் அறையில் உட்கார வைத்தார்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆஸ்டினுக்கு இரண்டு சிலிண்டர் போதும் என்ற எண்ணம். நான்குதான் சரிவரும் என்று அந்தப் பையன் வாதாடினான், ஜெயித்தும் விட்டான். முதலாளியிடம் அப்படிப் பேச பதினெட்டு வயதில் எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? ஆனால் காப்புரிமைகள் ஆஸ்டின் பெயரில்தான். விற்கும் ஒவ்வொரு காருக்கும் இரண்டு கினி (ஒரு கினி என்பது ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) ராயல்டி என்று கம்பெனியோடு அவர் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார். தன் சொந்தப் பணத்தைப் போட்டவர் அவர், அதையும் மறந்துவிடக் கூடாது.

1922-ல் கார் வெளிவந்தது. விலை 225 பவுண்டு. முதலில் 696 சிசி, அடுத்த வருடம் 747 சிசி. பத்து குதிரைத்திறன் அளவுக்கு இழுக்கும் இன்ஜினுக்கு வரி எட்டு பவுண்டுதான். சேஸிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தைப் பார்த்தால் ஏ என்ற ஆங்கில எழுத்தைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு, அந்தக் காலத்துச் சின்னக் காருக்கு அது பெரிய விஷயம். வேடிக்கை என்னவென்றால், காலால் மிதித்தால் பின் சக்கரங்கள் மட்டும் பிடிக்கும். முன் சக்கரங்களுக்குக் கைப்பிடியை இழுக்க வேண்டும். 1930-ல்தான் இரண்டையும் இணைத்தார்கள். க்ளட்ச் இன்னொரு சோதனை. கொஞ்சம் அசைந்தாலே பிடித்துவிடும், புதிதாக ஓட்டுபவர் கங்காரு மாதிரி குதித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மோட்டார் சைக்கிளோடு சைடுகார் மாட்டி மனைவி மக்களை மழையில் நனைய விட்ட குடும்பத் தலைவர்களைத்தான் ஆஸ்டின் குறிவைத்தார். அவர்கள் வந்தார்கள். 1939 வரை ஏறக்குறைய 2,90,000 வண்டிகள். ஜெர்மனியில் டிக்ஸி என்ற பெயரில் உரிமம் வாங்கிச் செய்தார்கள். 1928-ல் அந்த டிக்ஸி கம்பெனியை பிஎம்டபிள்யூ வாங்கியது. ஆக, பிஎம்டபிள்யூவின் முதல் கார் இந்த பேபி ஆஸ்டின்தான்.

உற்பத்தி நின்ற பிறகும் பழைய வண்டிகள் சும்மா கிடக்கவில்லை. 1948-ல் காலின் சாப்மன் என்ற இளைஞர் ஓர் ஆஸ்டின் செவனைப் பிரித்து, தன் முதல் பந்தய வண்டியைக் கட்டினார். லோட்டஸ் கார் கம்பெனியின் கதை அங்கே தொடங்கியது. அப்புறம் நியூசிலாந்தில் ஒரு பையன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியதும் ஓர் ஆஸ்டின் செவனில்தான். அவன் பெயர் புரூஸ் மெக்லாரன், பின்னாளில் மெக்லாரன் பந்தய அணியைத் தொடங்கியவர். நேரம் முடிந்துவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். வணக்கம்.