50 வெள்ளிக்குள் பதின்ம வயசுப் பிள்ளைக்குப் பரிசு: இந்தப் பொடி எழுத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்!

(திரையில்: பூப்பந்து மட்டை, கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே)

வணக்கம் மக்களே! இங்கே பொடி எழுத்தில் 4யூ, ஜி5 என்று போட்டிருக்கிறது, தெரிகிறதா? பரிசு வாங்கப் போகிற பலர் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடைசி வரை பாருங்கள், அடுத்த முறை கடைக்காரரிடம் நீங்களே கேட்டு வாங்குவீர்கள்.

நான் பேசுவது மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து. நம் ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. பிறந்தநாள் வந்தால் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கிடைத்ததை வாங்குவோம், இல்லையென்றால் ஷாப்பி இணையக் கடையில் கண்ணில் பட்டதைத் தட்டிவிடுவோம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

"என்னடா வேணும்?" என்று பையனைக் கேட்டால், "ஒன்னும் வேணாம் மாமா" என்பான். படிவம் மூன்று, நான்கு (15, 16 வயசு) படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான். வீட்டு நிலைமை தெரிந்த வயசு அது. அதனால் வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். தினமும் எதை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்களோ, அதில் தேய்ந்துபோனது எது? உறுமி மேளக் குழுவில் இருக்கிற பையனுக்குக் குச்சி. படம் வரைகிற பெண்ணுக்கு நல்ல தூரிகை. நாமாக ஒரு புது ஆசையை அவர்கள் தலையில் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன். பூப்பந்து! நம் மலேசிய ஆட்டக்காரர் எம். தீனா, இரட்டையர் ஆட்டத்தில் பெர்லி டானோடு சேர்ந்து 2022 காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வாங்கினார், 2025 உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அதைப் பார்த்துவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போகிற தங்கச்சிகள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பொடி எழுத்து. யூ என்பது மட்டையின் எடை. எண் கூடினால் எடை குறையும்! 3யூ என்றால் 85இலிருந்து 89 கிராம், 4யூ என்றால் 80இலிருந்து 84, 5யூ அதற்கும் கீழே. "பெரிய நம்பர்தானே நல்லது" என்று எடுத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஜி என்பது கைப்பிடியின் பருமன். யோனெக்ஸ் நிறுவன மட்டையில் ஜி4ஐவிட ஜி5 மெலிசு. கை சின்னதாக இருக்கிற பிள்ளைக்கு 4யூ, ஜி5 பொதுவாகச் சரியாக வரும். மலிவான இரும்பு மட்டை 100 கிராமைத் தாண்டும். ஒரு மணி நேரம் ஆடினால் மணிக்கட்டு கடுக்கும்.

அப்புறம், புது மட்டைதான் வேண்டும் என்றில்லை. பிள்ளையிடம் இருக்கிற பழைய மட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். கைப்பிடியில் பஞ்சு பிய்ந்து, கறுப்பு ஒயர் டேப்பைச் சுற்றியிருப்பார்கள். நரம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் தொய்யும். சட்டத்தில் விரிசல் இல்லாமல் இருந்தால் போதும், புது நரம்பு கட்டி, கைப்பிடிக்குப் புதுப் பட்டை சுற்றிக் கொடுங்கள். சாதாரண நரம்பு என்றால் 50 வெள்ளிக்குள் இரண்டும் முடியும், மட்டை புதுசு மாதிரி பேசும். ஆனால் "நல்லா இழுத்துக் கட்டுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். இறுக்கம் கூடினால் பந்து நன்றாகப் படுகிற இடம் சுருங்கிவிடும், அடிக்கு வேகமும் கிடைக்காது. பழகுகிற பிள்ளைக்கு 22இலிருந்து 24 பவுண்டு இறுக்கம் போதும்.

கைப்பேசி? அது அப்பா அம்மா முடிவு, நாம் தலையிட வேண்டாம். பணம்? தீபாவளிக்கு உறையில் பணம் போட்டு அங்பாவ் கொடுக்கிறோமே, அது போதும்.

16 வயசானால் மோட்டார் சைக்கிள் ஓட்ட பி2 உரிமம் எடுக்கலாம். மோட்டார் ஓட்டப் போகிற பிள்ளைக்கு, பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டினாலும், சிரிம் தரச் சான்று முத்திரை உள்ள ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். தலை அளவைப் பார்த்து வாங்க வேண்டும், அதனால் பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். பலமாக அடிபட்ட பழசை "வெளியே ஒன்னும் தெரியலையே" என்று தம்பிக்குத் தள்ளிவிடாதீர்கள், தயவுசெய்து. உள்ளே இருக்கிற நுரை ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழாது.

தோட்டப்புறத்தில் நரம்பு நன்றாகக் கட்டித் தருகிற கடை உங்களுக்குத் தெரிந்தால் கீழே ஊர் பெயரோடு எழுதுங்கள். கோலசிலாங்கூர் பக்கம் நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.