தலைப்பில் இருப்பது தலைவரா, பெண்ணா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். செய்தித் தலைப்புகள் பெண் தலைவர்களைத் தலைவர்களாகக் காட்டுகின்றனவா, பெண்களாக மட்டுமே காட்டுகின்றனவா என்பது இன்றைய வழக்கு. பெண்களாக மட்டுமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

2017 மார்ச் 28 அன்று வெளிவந்த டெய்லி மெயில் நாளிதழின் முதல் பக்கத்தை உங்கள் முன் வைக்கிறேன். முந்தைய நாள் கிளாஸ்கோவில் பிரிட்டன் பிரதமர் தெரசா மேயும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜனும் சந்தித்துப் பேசியிருந்தார்கள். முன்னவரின் அரசு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் கடிதத்தை 29ஆம் தேதி கொடுக்கவிருந்தது. பின்னவர் கோரிய புதிய விடுதலை வாக்கெடுப்புக்கான தீர்மானம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் 28ஆம் தேதியே 69க்கு 59 என்ற கணக்கில் நிறைவேறியது. ஒரு நாடு ஒன்றாக இருக்குமா, பிரியுமா என்று பேச அமர்ந்த அந்த இருவரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'பிரெக்ஸிட் கிடக்கட்டும், லெக்ஸிட்டில் வென்றது யார்?' என்று கேட்டது அந்தத் தலைப்பு. பிரெக்ஸிட் என்பது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் அந்த முடிவின் பெயர்; லெக்ஸ் என்றால் கால்கள். நாற்காலியில் அமர்ந்திருந்த இரண்டு ஆட்சித் தலைவர்களின் கால்களுக்குப் போட்டி வைத்து, வாசகரை நடுவராக்கிவிட்டார்கள்.

மோடி அணிந்த கோட்டும்தான் 2015இல் தலைப்புச் செய்தியானது என்றார் எதிரணி நண்பர். உண்மைதான். ஆனால், தன் பெயரையே கோடுகளாக நெய்த கோட்டை ஒரு பிரதமர் அணியலாமா என்பது அவருடைய அரசியலைப் பற்றிய கேள்வி. கால்களைப் பற்றிய கேள்விக்கு எந்த அரசியல் இருக்கிறது?

இந்த இடத்தில் நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'அமைச்சர் பேசினார்' என்று எழுதினால், பேசியவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. 'ஆர்' விகுதி இருவருக்கும் ஒரே மரியாதையைத் தருகிறது. இலக்கணமே கொடுத்திருக்கும் அந்தச் சமத்துவத்தை, 'பெண் அமைச்சர் ஆவேசம்' என்று ஒரு சொல்லைக் கூட்டி நம் தலைப்புகள் பறித்துவிடுகின்றன. 'ஆண் அமைச்சர் ஆவேசம்' என்று ஒரு தலைப்பை நான் இதுவரை படித்ததில்லை.

2023 ஜனவரியில் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் பதவி விலகுவதாக அறிவித்தார். கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது நாட்டைத் தாங்கி நின்று, ஒரு மாதத்துக்குள் துப்பாக்கிச் சட்டத்தைத் திருத்தியவர் அவர். பிபிசி அந்தச் செய்திக்கு, 'பெண்களால் உண்மையிலேயே எல்லாவற்றையும் பெற முடியுமா?' என்று தலைப்பிட்டது. எல்லாம் என்றால் பதவியும் குடும்பமும். பதவியில் இருந்தபோதே இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையான பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் 2022இல் விலகியபோது, ஆண்களைப் பற்றி இப்படி ஒரு தலைப்பை நான் பார்க்கவில்லை. கண்டனம் எழுந்ததும் பிபிசி தன் தலைப்பை மாற்றியது. தலைப்பில் பிழையே இல்லை என்று வாதிடும் எதிரணியினர், பின் ஏன் அதை மாற்றினார்கள் என்று நடுவருக்குச் சொல்லட்டும்.